சூட்டுக்கு ஒரு வழி: டர்போ வண்டியின் பானெட்டுக்குள்ளே



சித்திரை வெயிலில் நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, டர்போ வண்டியின் பானெட்டை உடனே திறந்து பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். முதலில் முகத்தில் சுடுகாற்று அடிக்கும். அது ஓய்ந்த பிறகும் ஒரு பக்கக் கன்னம் மட்டும் காய்ந்துகொண்டே இருக்கும். அந்தக் கன்னத்துக்கு நேர் எதிரே பார்த்தால் டர்போ இருக்கும். முகத்தில் அடித்ததும் கன்னத்தைக் காய்ச்சியதும் வேறுவேறு சூடுகள். முதலாவது காற்றில் ஏறி வந்தது, காற்றை வெளியேற்றினால் போய்விடும். இரண்டாவது, வெயில் போல நேராகப் பாய்ந்தது. எத்தனை ஃபேன் வைத்தாலும் அது குறையாது. குறுக்கே ஒரு தகடு வைத்தால் நின்றுவிடும்.

என் பட்டறைக்கு வருகிறவர்கள், "சார், உள்ளே சூடு தாங்கலை, எதையாவது சுத்தி விடுங்க" என்பார்கள். சிலர் பானெட்டில் ஓட்டை போடச் சொல்வார்கள். எந்தச் சூடு, எங்கிருந்து, எந்த வழியாக வருகிறது என்று பார்க்காமல் செய்யும் வேலை பெரும்பாலும் வீண். சில சமயம் கேடு. அந்தப் பார்வையை உங்களிடம் ஒப்படைக்கத்தான் இன்று வந்திருக்கிறேன்.

என்ஜினில் எரியும் பெட்ரோலின் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு கூலன்ட் வழியாக ரேடியேட்டருக்குப் போகிறது. மிச்சம் புகையோடு சைலன்சர் வழியே வெளியேறுகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூகி 1905-ல் காப்புரிமை வாங்கியது இந்த மூன்றாம் பங்கைப் பிடித்து வேலை வாங்கும் யோசனைக்குத்தான். வெளியே போகிற புகை ஒரு டர்பைனைச் சுற்றட்டும், அந்த டர்பைன் உள்ளே வரும் காற்றை அழுத்திக் கொடுக்கட்டும் என்றார் அவர். டர்போவின் பிறப்பே வீணாகும் சூட்டைப் பயன்படுத்தத்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குழாய்க்குள் இருக்கும்வரை சூடு டர்பைனுக்குக் கூலி. குழாய்ச் சுவரைத் தாண்டி பானெட்டுக்குள் கசிந்த சூடு டர்பைனுக்கும் இல்லை, நமக்கும் இல்லை. பக்கத்தில் இருக்கும் ஒயரையும் ரப்பரையும் தின்னத்தான் அது உதவும்.

எவ்வளவு கசிகிறது? முழு பாரத்தில் ஓடும் பெட்ரோல் என்ஜினில் டர்பைனுக்குள் நுழையும் புகை 900 டிகிரியைத் தாண்டும். வார்ப்பிரும்பு டர்பைன் கூடு வெளிப்புறத்தில் 700 டிகிரிக்குப் போவது அபூர்வமில்லை. இருட்டில் பார்த்தால் செவசெவவென்று தெரியும். ஆஸ்திரிய அறிஞர் ஜோசப் ஸ்டெஃபான் 1879-ல் கண்டுபிடித்த விதி ஒன்று உண்டு. சூடான பரப்பிலிருந்து கதிராகப் பாயும் வெப்பம், அதன் தனிவெப்பநிலையின் நான்காம் மடிக்கு ஏற்ப உயரும். துருவேறிய இரும்பு, 700 டிகிரி, விரித்த மூன்று கை அளவு பரப்பு என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 2 கிலோவாட் வருகிறது. இரண்டு இஸ்திரிப் பெட்டிகளை முழுச் சூட்டில் வைத்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்துத் திருப்பி வைத்ததற்குச் சமம்.

அதே விதி நமக்குச் சாதகமாகவும் நிற்கிறது. வெளிப்பரப்பை 700-லிருந்து 350 டிகிரிக்கு இறக்கினால், கதிர்வீச்சு பாதியாகும் என்றுதான் நினைப்போம். ஆறில் ஒரு பங்காகக் குறைகிறது. நான்காம் மடி தரும் கொடை இது. நம் கைச்செலவு முதலில் எங்கே போக வேண்டும் என்பதை இந்த ஒரு கணக்கே சொல்லிவிடுகிறது.

இதற்கு உதாரணமாக ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். மஸ்டா ஆர்எக்ஸ்-7, அதில் எஃப்டி என்று ஆர்வலர்கள் அழைக்கும் மூன்றாம் தலைமுறை. 1991 டிசம்பரில் ஜப்பானில் வந்தது, 2002 வரை தயாரானது. பிஸ்டன் இல்லாத ரோட்டரி என்ஜின். 654 சிசி வீதம் இரண்டு ரோட்டர். ஒன்றன்பின் ஒன்றாக வேலைக்கு வரும் இரண்டு டர்போ. 1.3 லிட்டரில் தொடக்கத்திலேயே 255 குதிரைத்திறன் எடுத்தார்கள். நான் பார்த்த அழகான வண்டிகளில் அது ஒன்று. பானெட் தாழ்வாக, மூக்கு மெலிந்து இருக்கும். அந்த அழகுக்குள்தான் சூடும் அடைபட்டது.

ரோட்டரியின் புகை இயல்பாகவே அதிகச் சூடு. அதன் எரிஅறை நீண்டு மெலிந்தது. நெருப்பு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேரும் முன்பே வெளிவழி திறந்துகொள்ளும். எரிந்து முடியாத நெருப்பு, புகையைத் திரட்டும் மேனிஃபோல்டில் எரிந்து முடியும். அதற்கு அடுத்தே இரண்டு டர்போ. டர்போவை விட்டு வெளியே வந்ததும் புகையைச் சுத்தம் செய்யும் முதல் கேட்டலிஸ்ட், அதுவும் தன் வேலையிலேயே சூடேறும் சாதனம். நான்கு அடுப்பை வரிசையாக மூட்டி மேலே தாழ்வான கூரை போட்டது போல. இரண்டு டர்போவையும் மாற்றி மாற்றி இயக்க வேக்குவம் ஹோஸ்கள் கொத்துக் கொத்தாக ஓடும். அமெரிக்க ஆர்வலர்கள் அதற்கு எலிக்கூடு என்றே பெயர் வைத்தார்கள். சூட்டில் அந்த ரப்பர் குச்சி போல இறுகி, தொட்டால் ஒடியும். ஒரு ஹோஸ் ஒடிந்தால் இரண்டாவது டர்போ நேரத்துக்கு வராது. கூலன்டில் காற்றைப் பிரிக்கும் பிளாஸ்டிக் தொட்டி நாளடைவில் வெடிப்பு விடும். கூலன்ட் போனால் ரோட்டரியில் மன்னிப்பே கிடையாது. போதாததற்கு, கூலன்ட் 105 டிகிரி அளவுக்கு வந்த பிறகுதான் ரேடியேட்டர் ஃபேன் சுற்றத் தொடங்கும்.

உலகெங்கும் எஃப்டி வைத்திருந்தவர்கள் முதலில் செய்தவை இவைதான்: சிலிகோன் ஹோஸ், அலுமினியத் தொட்டி, ஃபேனை முன்னதாகவே சுற்ற வைக்கும் சுவிட்ச். ஒன்றுகூட ஓட்டத்தைக் கூட்டவில்லை, வண்டியின் ஆயுளைத்தான் கூட்டின. கம்பெனியும் பாடம் கற்றது. 1999-ல் வந்த மாற்றத்தில் முன்பம்பரின் வாயைப் பெரிதாக்கிக் காற்றை அதிகம் உள்ளே விட்டார்கள். கேட்டலிஸ்டைக் கழற்றி வெறும் குழாய் போட்டவர்களும் நிறைய உண்டு. சூடு குறைந்தது உண்மை. ஆனால் தெருவில் ஓடும் வண்டிக்கு அதை நான் செய்து தர மாட்டேன். அந்தப் புகையை நம் பிள்ளைகள்தான் சுவாசிக்கிறார்கள்.

ஹோஸ் ஒடிவது கண்ணுக்குத் தெரிகிற சேதம். கண்ணுக்குத் தெரியாத சேதம் ஒன்று நடக்கும், அதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். உள்ளே போகும் காற்று சூடாக இருந்தால், தீப்பொறி மூட்டிய நெருப்பு வந்து சேரும் முன்பே மிச்சப் பெட்ரோல் தானாக வெடிக்கப் பார்க்கும். அதைத்தான் நாக்கிங் என்கிறோம். என்ஜினின் கம்ப்யூட்டர் அதைக் கேட்டதும் தீப்பொறியைத் தாமதப்படுத்தும். தாமதமான தீப்பொறியில் நெருப்பு வேலை செய்து முடிக்காமல் வெளியேறும்; புகை இன்னும் சூடாகும்; மேனிஃபோல்டு இன்னும் சிவக்கும்; பானெட்டுக்குள் இன்னும் சூடு ஏறும்; உள்ளே போகும் காற்றும் இன்னும் சூடாகும். செக்குமாடு போல இது தன்னையே சுற்றி வரும். பிஸ்டன் என்ஜினில் சக்தி குறையும், மைலேஜ் விழும். ரோட்டரியில் நாக்கிங் பலமாக ஒரு முறை விழுந்தாலே ரோட்டரின் முனையில் உள்ள சீல் உடையும். அதோடு என்ஜினைப் பிரித்துப்போட வேண்டியதுதான்.

இந்தச் சுழலை நாமே மூட்டிவிடும் வழி ஒன்று உண்டு. கம்பெனி கொடுத்த ஏர் ஃபில்டர் பெட்டியையும், கிரில்லுக்குப் பின்னால் வெளிக்காற்றை எடுக்கும் அதன் குழாயையும் கழற்றிவிட்டு, பானெட்டுக்குள் திறந்தவெளியாகக் கூம்பு ஃபில்டர் மாட்டுவது. சத்தம் நன்றாக இருக்கும். கணக்கைப் பாருங்கள். வெளிக்காற்று 30 டிகிரி, டர்போ அதை இரண்டு மடங்கு அழுத்துகிறது, கம்ப்ரசரின் திறன் 70 சதவீதம் என்று வைத்தால், காற்று 125 டிகிரியில் வெளியே வரும். அதே டர்போ பானெட்டுக்குள் 60 டிகிரியில் கிடக்கும் காற்றை இழுத்தால் 164 டிகிரி. உள்ளே 30 கூடினால் வெளியே 39 கூடுகிறது. அழுத்தம் வட்டி போட்டுக் கொடுக்கிறது. அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இதில் பெரும்பகுதியைத் தணித்துவிடும், அதையும் சொல்லிவிட வேண்டும். நல்ல இன்டர்கூலருக்குப் பின்னால் வித்தியாசம் 12 டிகிரி அளவில் நிற்கும். பத்து டிகிரிக்குக் காற்றின் அடர்த்தி 3 சதவீதம் குறையும். ஆக சத்தத்துக்காக ஏறக்குறைய 4 சதவீதக் காற்றையும், நாக்கிங்குக்கு எதிராக இருந்த பாதுகாப்பையும் கொடுக்கிறோம்.

இப்போது சிகிச்சைக்கு வருவோம். இதற்கு ஒரு வரிசை உண்டு: சூட்டைக் குழாய்க்குள்ளேயே வைத்திரு, தாண்டியதைத் தகடு கொண்டு மறி, அதற்குப் பிறகும் காற்றில் ஏறியதை வெளியே விடு. பலர் மூன்றாவதில் தொடங்குகிறார்கள், ஏனென்றால் பானெட் ஓட்டை வெளியே தெரியும்.

குழாய்க்குள் வைப்பதற்கு மூன்று பொருள்கள் கிடைக்கின்றன. பீங்கான் பூச்சு, கண்ணாடி இழையிலோ பசால்ட் பாறை இழையிலோ நெய்த சுற்றுப்பட்டை, டர்பைன் கூட்டுக்கென்று தைத்த போர்வை. பட்டையைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரின் வண்டியில் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுக்கு நானே இரண்டு அடுக்குப் பட்டை இறுக்கிச் சுற்றினேன். பானெட்டுக்குள் சூடு நன்றாகக் குறைந்தது, பெருமையாக இருந்தது. எட்டு மாதம் கழித்து உஸ் உஸ் என்று சத்தம் வருகிறது என்று கொண்டுவந்தார். பட்டையைப் பிரித்தால் மேனிஃபோல்டில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. காரணம் எளியது, நான்தான் யோசிக்கவில்லை. பட்டை வெளியே போகவிருந்த சூட்டை இரும்புக்குள்ளேயே நிறுத்துகிறது. இரும்பு தான் தாங்கும் எல்லையைத் தாண்டி நீள்கிறது, ஆறும்போது சுருங்குகிறது. மழைத்தண்ணீரும் வாஷிங் தண்ணீரும் பட்டைக்குள் தங்கித் துருவைக் கூட்டுகின்றன.

அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் வழக்கம் இது. டர்போவுக்குப் பின்னால் இறங்கும் குழாய்க்குப் பட்டை சுற்றுவேன். டர்பைனில் வேலை செய்து புகை அங்கே சற்று ஆறித்தான் வரும், குழாயும் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ். மேனிஃபோல்டுக்குப் பட்டை கிடையாது, பீங்கான் பூச்சு அல்லது தகடு மட்டும். டர்பைன் கூட்டுக்குப் போர்வை. நடுவில் பேரிங் இருக்கும் பகுதியையும் காற்றை அழுத்தும் பக்கத்தையும் போர்வை தொடவே கூடாது. அவை குளிர வேண்டிய இடங்கள். இன்னொன்று: வால்வ் கவரில் ஆயில் கசிவு இருக்கும் வண்டிக்குக் கசிவை அடைக்காமல் பட்டையோ போர்வையோ போடாதீர்கள். ஆயில் ஊறிய பட்டை விளக்குத் திரி. அது எரிந்தால் வண்டியே எரியும்.

அடுத்தது தகடு. வெப்பத் தகட்டை மட்டமாக நினைக்கும் பழக்கம் நம் பட்டறைகளில் இருக்கிறது. ஒரு போல்ட் துருப்பிடித்து ஒடிந்தால், தகடு கடகடவென்று ஆடினால், கழற்றி மூலையில் எறிந்துவிட்டு "இனிமேல் சத்தம் வராது சார்" என்கிறோம். அந்த மெல்லிய தகடு எத்தனை வேலை செய்கிறது தெரியுமா? பளபளப்பான அலுமினியம் தன்மேல் விழும் கதிர்வீச்சில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும். அது மட்டுமில்லை, தான் சூடானாலும் பின்பக்கம் கொஞ்சம்தான் கதிர்விடும். துருவேறிய கறுப்புத் தகடு வைத்தால்கூடப் பாதியாகக் குறையும்.

இரண்டு நிபந்தனைகள். ஒன்று, தகடு சூடான பாகத்தைத் தொடாமல் ஒரு விரல்கடை இடைவெளி விட்டு நிற்க வேண்டும். தொட்டால் சூடு கடத்தலாகவே ஏறிவிடும். இரண்டு, அது சுத்தமாக இருக்க வேண்டும். ஆயிலும் தூசியும் படிந்தால் அலுமினியமும் இரும்பு போலத்தான். 1992-ல் வெளியான மெக்லாரன் எஃப்1 காரின் என்ஜின் அறைக்கு அதன் வடிவமைப்பாளர் கார்டன் மரே உண்மையான தங்கத் தாள் ஒட்டியது ஆடம்பரத்துக்காக இல்லை. அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புவதில் தங்கம் முன்வரிசையில் நிற்கிறது, கறுப்பதும் இல்லை. அந்த காருக்கு டர்போகூடக் கிடையாது. நமக்குத் தங்கம் வேண்டாம். கழற்றி எறிந்த கம்பெனித் தகட்டைத் தேடியெடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, புது போல்ட் போட்டு மாட்டினால் போதும்.

மூன்றாவது காற்று. எனக்குப் பிடித்த பகுதி இது. காற்று சோம்பேறி, சுலபமான வழி கிடைத்தால் ரேடியேட்டர் துடுப்புகளுக்குள் நுழையாமல் பக்கத்துச் சந்து வழியே ஓடிவிடும். பம்பரிலிருந்து ரேடியேட்டர் வரை நான்கு பக்கமும் ஸ்பாஞ்சும் தகடும் வைத்து அடைத்தால், ஒரு பாகமும் மாற்றாமல் கூலன்ட் சூடு இறங்குவதைப் பார்க்கலாம். விபத்தில் பம்பர் மாற்றிய வண்டிகளில் இந்த அடைப்புகள் பெரும்பாலும் இருக்காது. விமானக்காரர்கள் இதை எப்போதோ கற்றுவிட்டார்கள். 1930-களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் மெரிடித் என்ற ஆராய்ச்சியாளர், ரேடியேட்டருக்கு முன் வழியை விரித்துக் காற்றை மெதுவாக்கி, பின்னால் வழியைச் சுருக்கி வேகமாக வெளியேற்றினால் ரேடியேட்டரால் வரும் இழுவையே பெரிதும் குறையும் என்று காட்டினார். மஸ்டாங் போர்விமானத்தின் வயிற்றுக்கடியில் தொங்கும் அறை அந்தக் கருத்தைக் கொண்டு செய்ததுதான். உள்ளே வரும் வாயைவிட வெளியே போகும் வழியைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டும் என்பது அங்கே கிடைத்த பாடம்.

அந்த வழி எங்கே இருக்கலாம்? ஓடும் வண்டியில் பானெட்டின் முன்பகுதியை ஒட்டிச் சற்றுப் பின்னால் காற்றழுத்தம் குறைவு. கண்ணாடி தொடங்கும் இடத்தில் காற்று முட்டி நிற்பதால் அழுத்தம் அதிகம். பானெட்டின் பின்விளிம்பை வாஷர் வைத்துத் தூக்கிவிட்டால் சூடு போய்விடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஒரு வாடிக்கையாளர் அப்படிச் செய்துகொண்டு வந்தார். சிக்னலில் நிற்கும்போது நன்றாக இருக்கிறது, நெடுஞ்சாலையில் வண்டிக்குள் என்ஜின் வாடை வருகிறது என்றார். பின்விளிம்பில் பத்துப் பதினைந்து கம்பளி நூல் துண்டுகளை டேப் போட்டு ஒட்டி, இன்னொரு வண்டியில் பக்கத்திலேயே போய்ப் பார்த்தோம். நிற்கும்போது நூல்கள் மேலே ஆடின. அறுபது கிலோமீட்டர் வேகம் வந்ததும் அத்தனையும் உள்ளே இழுக்கப்பட்டன. வெளியேறும் வழி என்று திறந்தது நுழையும் வழியாகிவிட்டது. ரேடியேட்டரைக் கடந்து வர வேண்டிய காற்றுக்கு அது முட்டுக்கட்டை போட்டது. 1969 ஷெவர்லே கமாரோவில் இதே இடத்தைத் தெரிந்தே என்ஜினுக்குக் காற்று இழுக்கும் வாயாக வைத்தார்கள். அது நுழைவாயில் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கீழே இருக்கும் பிளாஸ்டிக் தட்டையும் இதே கண்ணோடு பாருங்கள். கழற்றிவிட்டால் சூடு இறங்கும் என்று தோன்றும். பல வண்டிகளில் அந்தத் தட்டுதான் அடியில் ஓடும் காற்றைச் சீராக வைத்து, அதன் இழுப்பால் சூட்டைக் கீழே உறிஞ்ச வைக்கிறது. கழற்றினால் காற்று கலங்கி உள்ளேயே தேங்கும். எந்த வண்டியில் எப்படி என்பதை நூலும், ஒரு ட்யூப்பில் சாயத் தண்ணீர் ஊற்றிச் செய்த அழுத்தமானியும் சொல்லிவிடும். ஐம்பது ரூபாய்ச் செலவு.

வண்டியை நிறுத்திய பிறகு நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாவியைத் திருப்பியதும் ஆயிலும் தண்ணீரும் நிற்கின்றன, டர்பைன் கூடு நிற்பதில்லை. அதன் சூடு தண்டு வழியே பேரிங்குக்கு ஏறி, அங்கே தங்கிய ஆயிலைக் கரியாக்கும். தண்ணீர் ஓடும் பேரிங் கூடு வந்த பிறகு இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் மலையேறி வந்ததும் சட்டென்று நிறுத்தாதீர்கள். கடைசி இரண்டு கிலோமீட்டரை மிதிக்காமல் ஓட்டி வருவதே போதும்.

அளப்பதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. துப்பாக்கி போன்ற இன்ஃப்ராரெட் வெப்பமானி எல்லோரிடமும் இருக்கிறது. பளபளக்கும் தகட்டின்மேல் அதைக் காட்டினால் உண்மையைவிட மிகக் குறைவாகச் சொல்லும். தகடு தன் சூட்டைக் கதிராக விடுவதே கொஞ்சம்தானே. தகட்டில் கறுப்பு பெயின்ட் பொட்டு ஒன்று வைத்து அங்கே அளந்து பாருங்கள். காற்றின் சூட்டுக்கு கே வகை தெர்மோகப்புள் கம்பிதான் சரி. ஏர் ஃபில்டர் வாயில் ஒன்று, பேட்டரிக்குப் பக்கத்தில் ஒன்று, பிரேக் ஆயில் டப்பாவை ஒட்டி ஒன்று. வேலைக்கு முன் ஒரு நாள், வேலைக்குப் பின் ஒரு நாள், அதே சாலை, அதே நேரம். ஒரே நாளில் மூன்று மாற்றம் செய்தால் எது வேலை செய்தது என்று யாருக்கும் தெரியாது.

வெளியே வாசலில் ஒரு டர்போ வண்டியை நிறுத்தியிருக்கிறேன். வரும்போதே சற்று விரட்டி ஓட்டி வந்தேன், இன்னும் ஆறியிருக்காது. அதன் வெப்பத் தகட்டை நேற்றே கழற்றி வைத்துவிட்டேன், டிக்கியில் இருக்கிறது. தெர்மோகப்புள் மூன்று இடத்தில் கட்டியிருக்கிறேன். எல்லோரும் சுற்றி நின்று இப்போதைய எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு உங்களில் யாராவது ஒருவர் தகட்டை மாட்டுங்கள். 10-ஆம் நம்பர் ஸ்பேனர் போதும், மூன்றே போல்ட். அதே தெருவை இன்னொரு சுற்று ஓட்டி வந்து மறுபடி எழுதுவோம்.